தார்ப்புள்ளி

புதன்கிழமைகளில்
தாவரத் தோட்டத்தின் பின்கட்டில் எனக்கொரு மேசை,
ஒரு பூதக்கண்ணாடி,
குடிக்க மறந்து ஆறிப்போன தேநீர்.
நோயுற்ற இலைகளோடு வருவார்கள்
ஷெஃபீல்டு நகரத்துக்காரர்கள்:
ரொட்டிப் பையில், தொப்பிக்குள்,
ஒருவர் வங்கிக் கணக்குப் புத்தகத்தின் நடுவில் வைத்து.
மேப்பிள் இனத்து இலைகள் கைபோல விரிந்திருக்கும்.
கைரேகைக்காரி வந்துவிட்டாள் என்பான்
வாசலில் சீட்டுக் கிழிக்கும் டெஸ்மண்ட்.

பெரும்பாலும் சின்னச் சங்கதிகள்தாம்.
சிவப்பாய்க் குருணை குருணையாய்த் தடித்திருந்தால்
கண்ணுக்குத் தெரியாத சிலந்திப்பேன் கட்டிய வீடு.
நரம்போரம் பழுப்பாய்க் கருகியிருந்தால்
மழை விடாத வசந்தத்தின் மிச்சம்.
மாவு தூவியதுபோல் வெளுத்திருந்தால் சாம்பல் நோய்.
"மரம் சாகாது" என்று
ஒரு நாளைக்குப் பதினைந்து முறை சொல்கிறேன்.
மரத்துக்காக இல்லை.

வினிஃப்ரெட் ஆக்ஸ்லி
இலையை அட்டையில் ஒட்டி எடுத்துவந்தார்.
அடியில் தேதி, மணி, கையெழுத்து.
"கையும் களவுமாகப் பிடித்துவிட்டேன்."
மேசைமேல் இருந்தது கை மட்டும்.

பக்கத்து வீட்டு பாராக்ளஃப்
ஜூலையில் வண்டிப் பாதைக்குத் தார் போட்டாராம்.
ஆகஸ்டில் இவர் மரமெங்கும் தார்த் துளிகள்.
நிழல் விழுகிறதென்று வெகுநாள் புகைச்சல்.
வேறு யார்?
அந்த மனிதருக்குக் கரும்புள்ளி செம்புள்ளி குத்தி
கழுதைமேல் ஏற்றும் முடிவோடுதான்
பேருந்து ஏறி வந்திருந்தார்.

பார்த்தேன்.
சில்லறைக் காசளவு கறுப்பு, ஏழு.
மேலே மினுமினுப்பு, சுற்றிலும் மஞ்சள் கரை.
நகத்தால் சுரண்டினேன், வரவில்லை.
கண்ணாடிக்குக் கீழே
ஊறிய விரல்நுனிபோல் சுருக்கம் சுருக்கமாக.
மேலிருந்து விழுந்ததல்ல,
இலைக்குள்ளிருந்து எழுந்தது.

"பூஞ்சை. பெயரே தார்ப்புள்ளிதான்."

"நாற்பத்தாறு வருடம்
அந்த மரத்தடியில் துணி காயப்போட்டவள் நான்.
ஒரு புள்ளி பார்த்ததில்லை."
கூண்டிலேறிய சாட்சியின் குரல்.

இந்தப் பூஞ்சைக்குக் கந்தகப் புகை ஆகாது என்றேன்.
எஃகு உலைகள் எரிந்தவரை ஊருக்குள் தலைகாட்டவில்லை,
உலைகள் அணைந்தன, காற்று தெளிந்தது, வந்துவிட்டது.
அப்படித்தான் சொல்கிறார்கள்;
இல்லை, அந்தக் காலத்தில்
உதிர்ந்த இலைகளை ஒழுங்காய்க் கூட்டினார்கள்,
அதுதான் காரணம் என்போரும் உண்டு.

கைப்பையின் கொக்கியை
ஒருமுறை திறந்து ஒருமுறை மூடினார்.
"வெள்ளை விரிப்புகளை
ஒரே நாளில் இரண்டு முறை துவைத்திருக்கிறேன்.
அப்போது இலை சுத்தமாய் இருந்திருக்கிறது.
க்ளிஃபின் கைக்குட்டைதான் கறுப்பு."

டெஸ்மண்ட் எட்டிப் பார்த்தான்.
வரிசையில் இன்னும் நான்கு பேர்.

"இப்போது என்ன செய்ய?"
"உதிர்ந்ததைக் கூட்டி அப்புறப்படுத்துங்கள்.
அதிலிருந்துதான் வசந்தத்தில் வித்துகள் கிளம்பும்."
"கூட்டாவிட்டால்?"
"அடுத்த வருடமும் வரும்."
"மரம்?"
"சாகாது."

எழுந்தார். மேலங்கியின் பொத்தான்களை
கீழிருந்து மேலாகப் போட்டார்.
கதவருகே நின்று கேட்டார்:
"அந்த மனுஷனிடம் என்னவென்று சொல்வது?"
என் அலமாரியில் அதற்கு மருந்தில்லை.

அட்டையை எடுக்காமல் போய்விட்டார்.
மாலையில் மேசையைத் துடைக்கும்போது
திருப்பிப் பார்த்தேன்.
பென்சிலில், பொடி எழுத்தில்:

ஆகஸ்டு 3. வாளியோடு வெளியே வந்தார்.
ஆகஸ்டு 9. மரத்தை அண்ணாந்து பார்த்தபடி நின்றார்.
ஆகஸ்டு 10. மழை. வரவில்லை.
ஆகஸ்டு 17. கையசைத்தார்.
நான் அசைக்கவில்லை.